கோட்டுக்கு மேலே

சிந்துபூந்துறையில் எல்லாச் சுவரிலும்
ஒரே உயரத்தில் பழுப்புக் கோடு.
தங்கச்சி ஆவுடை வீட்டில் அது
மாதக் காலண்டரின் மூன்றாம் வரிசையை
நனைத்துவிட்டு இறங்கியிருந்தது.
"இதுவரைக்கும் வந்துச்சுக்கா" என்றாள்,
வந்துபோன விருந்தாளியின் உயரம் சொல்வதுபோல.

எனக்குப் பழக்கமான வெள்ளம்
ஒரு கரண்டிக்குள் அடங்கும்.
பெரிய விமானத்தின் முன்பக்க அடுக்களையில்
யாரோ சிந்திய காப்பி,
கழிவறைக் குழாயின் வாசர் விட்ட வேர்வை,
கம்பளத்துக்கு அடியில் போய்
தரைப்பலகை இணைப்பில் கொஞ்சம் தயங்கி
ராத்திரியோடு ராத்திரியாக
கம்ப்யூட்டர் பெட்டிகள் அடுக்கிய அறையின் உச்சியில்
சொட்டாகத் தொங்கும்.
அதைத் தேடித்தான் மல்லாந்து படுக்கிறேன்,
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு,
நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடியோடு.
ஈரம் அபூர்வமாகத்தான் அகப்படும்.
காய்ந்த தடம் இருக்கும், ஓரத்தில் உப்புப் பூத்து.
நீலமென்றால் கழிவறை.
பழுப்பென்றால் காப்பி.
நிறமில்லாத தடத்துக்குத்தான் பயப்படுவேன்.

ஒரு விடியலில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.
இருநூற்றுத் தொண்ணூறு பேர்
பெட்டிமேல் தலைவைத்துக் கிடந்தார்கள்.
"காய்ஞ்சுதானே கெடக்கு" என்றார் மேனேஜர்.
எந்த வழியாக வந்ததென்று தெரியவில்லையே.
நாலு மணி நேரம் பிரித்துப் பார்த்தோம்.
ஒன்றும் கிடைக்கவில்லை.
அப்புறம் போட்டேன்.
பேனா அழுத்தியது தாளின் மறுபக்கம் தடவினால் தெரிந்தது.
போன இடத்தில் ஏதாவது கிடைத்ததா
என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வெள்ளம் வடிந்த ஆறாம் நாள்
லைன்மேன் சொரிமுத்து வந்தார்,
தூங்காத கண், சட்டையில் சகதி.
தெரு மொத்தமும் வாசலில் நின்றது.
செத்துப்போன போன்கள்,
எதிர்வீட்டு இன்சுலின் ஐஸ் டப்பாவில்.
"மீட்டரு கோட்டுக்கு மேலதான இருக்கு,
போட்டுருவோமா?"

"ஒரு நிமிசம்ணே."

பெட்டியைத் திறக்கச் சொன்னேன்.
கண்ணாடி இல்லை; ஆவுடையின் குங்குமச் சிமிழ் மூடியில்
வட்டமாக ஒன்று இருந்தது.
அதை உள்ளே நீட்டினேன்.
கோட்டுக்கு நாலு விரல் மேலே
வயரின் தோலுக்குள் செம்பு பச்சையாகியிருந்தது.
இழை இழையாகப் பிடித்து ஏறியிருக்கிறது,
திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி.

"தண்ணி மேலயுமா ஏறும்?"
"வழி கெடைச்சா ஏறும்ணே."
அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.
பிறகு தெருவைப் பார்த்தார்.
"அப்ப முப்பத்தெட்டு வீட்டையும் பாக்கணுமோ?"

அன்றைக்கும் கரண்ட் வரவில்லை.
வைதார்கள், என்னைத்தான்.
"ஏரோப்ளேன பாக்கவ
எந்தெரு மீட்டர ஏன் நோண்டுதா?"
இன்சுலின்காரர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.
டப்பாவைத் தூக்கிக்கொண்டு
ஜங்ஷன் பக்கம் நடந்தார்.

ஏழு வீட்டில் பச்சை.
பதினோராவது வீட்டில் ஒரு பெட்டி
கோட்டுக்கு ஒரு முழம் கீழே,
பளிச்சென்று காய்ந்திருந்தது.
சொரிமுத்து சாக்பீஸால் டிக் போடப் போனார்.
கையைப் பிடித்தேன்.
மூடியை மறுபடி உள்ளே நீட்டினேன்.