கடைசியாகத் தொட்ட கை

எங்கள் மூவருக்கும் அது வந்தது
பதினோராம் வகுப்பு அரையாண்டு லீவில்,
மூக்கையூர் முழுக்கக் கரண்ட் போன ஒரு ராத்திரி.
வரம் என்று சொல்லாதீர்கள்.
சொறி மீன் பட்ட இடம் மாதிரி
முதலில் அரித்தது, அவ்வளவுதான்.

வழிவிட்டானுக்குத் தண்ணீர் விலகும்.
பேருக்குப் பொருத்தம் என்று சிரித்தோம்.
வாளிக்குள் விட்ட கை நனையாது;
குளிக்க முடியாமல் ஒரு வாரம் நாறினான்.
நஜீமா மூச்சைப் பிடித்தால் காற்று நிற்கும்.
விட்டதும் விக்கல், மணிக்கணக்கில்.
எனக்கு வந்தது பெரிதாக ஒன்றுமில்லை:
மனம் வைத்து ஒரு பொருளைத் தொட்டால்
அதைக் கடைசியாகத் தொட்ட கை தெரியும்.
முகம் வராது. கை மட்டும்.
அதன் சூடு, அதன் தழும்பு, அதன் அவசரம்.
பதிலுக்கு என் கை எதையாவது மறக்கும்.
ஜெனோவா என்று எழுத மறந்து
ஹால் டிக்கெட் முன்னால் பேனாவோடு
அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

பங்குனி அமாவாசைக்கு மறுநாள்
போன வத்தை திரும்பியது, இன்னாசி திரும்பவில்லை.
ராத்திரிக்கு எழுநூறு ரூபாய்
கடல் அட்டைக்கு முங்கப் போனவன்.
அட்டை எடுப்பது குற்றம். ஆகவே
அவனைக் காணோம் என்பதும்
வாய்விட்டுச் சொல்லக் கூடாத சேதி.
சந்தியாகப்பர் கோயில் வாசலில்
மெழுகுவர்த்தி உருகி முடிந்தும்
அவன் அம்மா எழுந்திருக்கவில்லை.

கரையேற்றிய வத்தைகளுக்கு நடுவே ஒரு கயிறு.
பச்சை நைலான். நுனி புதிதாக அறுந்தது.
தொட்டேன்.
கத்தி பிடித்த கை.
உள்ளங்கையில் தூண்டில் கிழித்த பிறைத் தழும்பு.
அதில் கன்னம் வைத்துத்தான்
காய்ச்சல் ராத்திரிகளில் நான் தூங்கியிருக்கிறேன்.

"யாரோடது?" என்றாள் நஜீமா.
"தெரியல."
மூச்சைப் பிடிக்காமலே அவள் விக்கினாள்.

இன்ஜின் போட்டால் ஊர் விழிக்கும். துடுப்புதான்.
கொண்டல் எதிரே நின்று தள்ளியது.
உப்புத்தண்ணித் தீவுக்கு முன்னால்
தண்ணீர் ஏறினால் மறைந்துபோகும் ஒரு பார்.
தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

நஜீமா மூச்சை இழுத்துப் பிடித்தாள்.
கடல் தட்டாகப் படுத்தது.
அப்போதுதான் கேட்டது:
பல் கிட்டிப்போன ஒருவன்
இயற்பியல் சூத்திரங்களை
ஒப்பித்துக்கொண்டிருக்கும் சத்தம்.
திங்கட்கிழமை பரீட்சை.

வழிவிட்டான் இறங்கினான்.
சப்பரத்துக்குக் கூட்டம் ஒதுங்குவதுபோல
இரண்டு பக்கமும் தண்ணீர் ஒதுங்கியது.
அடியில் பாசி, திகைத்துத் துள்ளும் ஓரா மீன்கள்,
வாய் கட்டிய சாக்கு,
கல்லிடுக்கில் கால் சிக்கிய இன்னாசி.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
நூறில் நஜீமாவின் முகம் நாவல்பழமானது.
நூற்று முப்பத்தொன்றில் விட்டுவிட்டாள்.
வத்தையில் அவர்கள் வந்து விழவும்
வழிவிட்டானின் ஒரு செருப்பைத் தின்றுவிட்டு
கடல் மூடிக்கொண்டது.

"ரோந்துப் படகு லைட் அடிச்சுச்சு.
மேல இருந்தவரு கயித்த அறுத்துட்டாரு."
"யாரு?" வழிவிட்டான் கேட்டான்.
இன்னாசி என்னைப் பார்த்தான். கடலைப் பார்த்தான்.
"இருட்டு" என்றான்.
அதற்குப் பிறகு வழியெல்லாம் விக்கல் மட்டும்.

கரையில் அந்தக் கயிற்றை மறுபடி தொட்டேன்.
அதில் இப்போது என் கைதான் இருந்தது.
ஒரு முறை படித்தால் அழிந்துபோகும் எழுத்து;
படித்தவள் ஒருத்தி.

விடிந்தது. பின்கட்டில்
அப்பா கண் சிவக்க டீ போட்டுக்கொண்டிருந்தார்.
"இன்னாசி வந்துட்டானாமே" என்றார்,
என்னைப் பார்க்காமல் கிளாசை நீட்டி.
வாங்கினேன்.
சூடு. தழும்பு.
இன்னும் அடங்காத நடுக்கம்.
கிளாசைப் பிடிப்பது எப்படியென்று
என் கை மறந்தது.

சில்லுகளை ஒவ்வொன்றாகக்
குனிந்து பொறுக்கினார் அப்பா.
நான் எதையும் தொடவில்லை.