ஐந்தாவது படம்

சபோல்ச் இரண்டு படம் போட்டு அனுப்பிவிட்டான்.
ஒன்று: கதவுப்பிடியில் அவள் கை.
ஒன்பது: அதே கை மேலங்கிப் பையில்,
முகம் நம் பக்கம்.
நடுவில் ஏழு. அவற்றுக்குத்தான் எனக்குக் கூலி.

ஓரத்தில் சின்னதாய் ஓர் ஏணி கீறியிருக்கிறான்.
படிகள் இரு முனையிலும் நெருக்கம், நடுவில் அகலம்:
மெல்லக் கிளம்பு, சட்டென்று கட, மெல்லப் போய்ச் சேர்.
ஏன் போகாமல் நின்றாள் என்று
எங்கும் எழுதவில்லை.

வெங்காயத்தோலைப் போட்டுக்கொண்டேன்
(மென்பொருளில் அப்படித்தான் அதற்குப் பெயர்).
போனது சிவப்பாய், வரப்போவது நீலமாய்
ஒன்றன்மேல் ஒன்று தெரிகிறது.
சரிபாதி அளந்து கோடிழுத்தால்
கை குட்டையாகிவிடும்,
மூக்கு கன்னத்துக்குள் புதையும்.
நானே போட்டுத் தருகிறேன் என்கிறது ஒரு பொத்தான்.
அமுக்கிப் பார்த்தேன்.
வேகவைத்த உருளைக்கிழங்கு ஒன்று
கதவருகே நின்று மூச்சுவிட்டது.

கை நேர்க்கோட்டில் வராது, வில்லாய்ச் சரியும்.
மணிக்கட்டு முதலில்;
விரல்கள் மனசில்லாமல் பின்னால்.
தலை திரும்புகையில் முகவாய் தாழவேண்டும்,
பாதிவழியில் கண்கள் மூடிக்கொள்ளவேண்டும்.
இதெல்லாம் தெரியும்.
ஐந்து மட்டும் பிடிபடவில்லை.
அது வந்தால்தான் மூன்றும் ஏழும் வரும்.
பிடியை விட்டாயிற்றா, இல்லையா?
இரண்டுங்கெட்டான் படம்.

எழுந்துபோய் எங்கள் அறைக் கதவின் பிடியைப் பற்றினேன்.
விட்டேன். மறுபடி பற்றினேன்.
டிசம்பர். கெச்கெமேட்டில் நாலு மணிக்கே இருட்டு.
எமோகே ஹெட்ஃபோனைக் கழற்றி
"கிளம்பிட்டியா?" என்றாள்.
"இல்லை, ஐந்தில் இருக்கிறேன்."
"ஓ" என்று திரும்ப மாட்டிக்கொண்டாள்.
அவள் திங்கட்கிழமையிலிருந்து
ஒரு நாயின் வாலில் இருக்கிறாள்.

ஏழெட்டு முறை விட்ட பிறகு
சுண்டுவிரலைப் பார்த்தேன்.
மற்ற நாலும் வந்துவிட்டன;
பித்தளையின் குளிரில் அது மட்டும்
இன்னும் கொஞ்சம் இருந்தது.

வரைந்தேன். மூன்று, ஏழு, பிறகு மற்றவை
தாமாகவே வந்தன என்று சொல்லமாட்டேன்,
ஆறை நாலுதரம் அழித்தேன்.
ஓட்டிப் பார்த்தபோது
ஐந்து திரையில் நின்றது
நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு.
சுற்றவிட்டேன்:
அவள் போகவில்லை, போகவில்லை, போகவில்லை.

ஏழு மணிக்கு சபோல்ச்சிடமிருந்து செய்தி.
நன்றாக வந்திருக்கிறதாம்.
ஆனால் இயக்குநர் கதவை எடுத்துவிட்டாராம்,
இனி அவள் ஜன்னலருகில்.

ஜன்னலுக்குப் பிடி உண்டா என்று
கேட்டு எழுதினேன்.