கொசுறு

அலமோசாவில் ஜனவரி மாதம்
காற்று முக்கால் படிதான் அளந்து கொடுப்பார்கள்.
ஏழாயிரத்து ஐந்நூறு அடி உயரம்.
புதிதாய் வருகிறவர்கள் மாடிப்படியில் பாதியில் நின்று
செல்போனைப் பார்ப்பதுபோல் நடிப்பார்கள்.
இஞ்சின்களும் அப்படித்தான்,
டர்போ வைத்தவை தவிர.

ராய்ஸ் மயெஸ்டாஸ் வந்தபோது மணி ஏழேகால்.
வெளியே மைனஸ் பத்தொன்பது.
உருளைக்கிழங்குக் கிடங்கில் இரவு ஷிப்டு முடிந்து
பூட்ஸ் மண்ணோடு நின்றான்.
சின்னக் கார். சிவப்பு.
ஒரு கதவு மட்டும் வேறு சிவப்பு.
"இருநூற்று ஒன்று குதிரைத்திறன் என்று
கம்பெனித் தாளில் போட்டிருக்கிறது, ஒடேலியா.
பொய் என்று நினைக்கிறேன்."
குறைகிறதா என்றேன்.
"இல்லை, கூடுகிறது."

பத்தொன்பது வருஷமாய் இந்த உருளைகளோடு இருக்கிறேன்.
குறைகிறது என்று சண்டைக்கு வந்தவர்களுக்குக் கணக்கில்லை.
கூடுகிறது என்று
திருட்டுப் புகார்போலத் தணிந்த குரலில் சொன்னவன்
இவன் ஒருத்தன்.

நான்கு பக்கமும் வாரால் கட்டினேன்.
முன்னால் பெரிய விசிறி.
நாலாவது கியரில்
இருந்த இடத்திலேயே அந்தக் கார்
மணிக்கு நூற்றுப்பத்து மைல் ஓடியது.
சுவரில் ஸ்பேனர்கள் பல்லாய் அடித்துக்கொண்டன.
நூற்று எண்பத்தொன்று.

அவன் முகம் விழுந்ததைப் பார்த்தேன்.
அது சக்கரத்தில் அளந்தது, ராய்ஸ்.
வழியில் கியர்பாக்ஸ் தின்றதைச் சேர்க்க வேண்டும்.
நூற்றுக்குப் பத்து தின்றது என்றால்
இருநூற்று ஒன்று, கம்பெனி யோக்கியன்.
பதினைந்து என்றால் இருநூற்றுப் பதின்மூன்று,
பன்னிரண்டு குதிரை கொசுறு.
"எவ்வளவு தின்னும்?"
கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

திரும்ப ஓட்டச் சொன்னான். நூற்று எழுபத்தேழு.
இன்னொரு தரம். எழுபத்திரண்டு.
சூடேறிவிட்டது.
கேட்கக் கேட்கக் குறைத்துச் சொல்லும்
இந்த ஜாதிக் கார்கள்.

திரையில் ஒரு பொத்தான் உண்டு.
மலைமேல் இருக்கிறாயே பாவம் என்று
நாலு குதிரைக்கு ஒரு குதிரை சேர்த்துப் போடும்.
மூச்சுத் திணறுகிற இஞ்சினுக்கு அது நியாயம்.
டர்போ தன் காற்றைத் தானே திணித்துக்கொள்கிறது.
அதற்கும் அழுத்தினால்
இருநூற்று இருபத்தாறு என்று
கலர் கலராய் அச்சாகும்.
போன மாதம் மோன்டே விஸ்டாக்காரன் ஒருவனுக்கு
அழுத்திக் கொடுத்தேன்.
கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறானாம்.
அந்தப் பக்கம் போனால்
அவன் வீட்டுத் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

வாரை அவிழ்க்கும்போது ராய்ஸ் பேசினான்.
காரிடம் பேசுவதுபோல் பேசினான்.
ஆறு வருஷத் தவணை, நாலு வருஷம் பாக்கி.
கூரை பதினைந்து குளிர்காலம் தாங்கும் என்றார்கள்,
மூன்றாவதிலேயே ஒழுகியது.
ஓவர்டைம் ஒன்றரை மடங்கு என்றார்கள்.
கல்யாணம், அதை விடு.
போன அக்டோபரில் மண்மேடுகளுக்குப் போகிற சாலையில்
மூன்றாவது கியரில் அழுத்தியபோது
சொன்னதைவிடக் கொஞ்சம் கூட இருந்தது.
"எனக்குத் தோன்றியதுதான். ஆனால் இருந்தது."

விரல் பொத்தானுக்குப் போனது.
போய்விட்டுத் திரும்பி வந்தது.
முதல் ஓட்டத்தை மட்டும் அச்சடித்தேன்,
சேர்த்தல் கழித்தல் இல்லாமல்.
அவன் நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.
கழற்றிப் பார்க்கவா என்று கேட்டேன்.
வேண்டாம் என்று சொன்ன வேகத்தில்
காரின் மேல் கை வைத்திருந்தான்.

பில்லைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினான்.
மூன்று தரம் ஓட்டினோம்,
இரண்டுக்குத்தான் போட்டிருக்கிறாய்.
மெஷின் கோளாறு என்றேன்.

கண்ணாடியில் உறைந்ததை
ஓட்டுநர் உரிமத்தால் சுரண்டி
தபால்தலை அளவுக்கு வழி செய்துகொண்டு கிளம்பினான்.
சிக்னல்வரை ஒழுங்காய்ப் போனான்.
அதற்கப்புறம்
கடைக்குள்ளேயே கேட்டது.