நிழல்களை அணைத்தல்

ஆவணியில் சீட்டு எனக்கு விழுந்தது.
கழிவு போக ஒரு லட்சத்து எழுபத்தையாயிரம்.
"கொடிக்குப் பவுண் சேர்க்கப் போறியாகா?"
என்றா சீட்டுப் பிடிக்கும் திலகரஞ்சி அக்கா.
ஓம் எண்டும் சொல்லவில்லை,
இல்லை எண்டும் சொல்லவில்லை.

பாமசியில் ஆள் குறைந்த மூன்று மணி.
கைக்குக் கிடைத்தது மாத்திரை உறைதான்.
காலை, மதியம், இரவு என்று
அச்சடித்த மூன்று கட்டம்.
காலைக்கு நேரே புரொசசர் எழுதினேன்,
மதியத்துக்கு மதர்போர்டும் ராமும்.
இரவுக்கு கிராபிக்ஸ் கார்ட்,
புதுசு, தொண்ணூற்றிரண்டாயிரம்.
கூட்டினால் இரண்டு லட்சத்து அறுபது வந்தது.
இன்னொரு உறை எடுத்தேன்.
பிறகு இன்னொன்று.
நல்லவேளை, முதலாளி மாத்திரையை எண்ணுவார்,
உறையை எண்ணமாட்டார்.

ஞாயிறு, காத்தான்குடி.
பேரீச்சை நிழல் எட்டாத பக்கத்தில் கடை.
"மகனுக்கா மிஸ்?"
"எனக்கு."
அதற்குப் பிறகு ஷஹ்மி வேறுமாதிரிப் பேசினான்,
வேகமாக, 'மிஸ்' போடாமல்.
அது எனக்குப் பிடித்திருந்தது.

"வீடு எங்க?"
"கல்லடி. கடலுக்கு இருநூறு யார்."
பேனையை மேசையில் வைத்துவிட்டான்.
"அப்ப கண்ணாடிப் பெட்டிய மறந்திடுங்க.
கச்சான் அடிச்சா புழுதி, வாடை அடிச்சா உப்பு.
மாசம் ஒருக்கா துடைக்கோணும்.
யன்னலச் சாத்தி வைங்க."

ராம் பதினாறு எட்டானது.
பக்கத்துக் குழி சும்மா கிடக்கட்டும்,
தையில் பார்ப்போம் என்றேன்.
பெட்டி, தகரத்தில், வெளிச்சம் மின்னாதது.
மானிட்டர் ஏதோ கந்தோர் கழித்தது,
வலது மூலையில் ஒரு புள்ளி
எப்போதும் பச்சை.
"பவர் சப்ளையிலும் கொஞ்சம் குறைச்சா..."
"அதில கை வைக்காதீங்க."
மூன்றாம் நாளே சுகம் என்று
அன்டிபயோட்டிக்கை நிறுத்தக் கேட்பவர்களிடம்
நான் சொல்லும் அதே குரல்.

பின்னேரம் ஏழுக்கு எங்கள் ஒழுங்கையில்
எல்லா வீடும் ஒரேநேரத்தில் விசிறி போடும்,
குமிழ் மஞ்சளாகும், அதையும் சொன்னேன்.
யூபிஎஸ், பதினெட்டு, என்று
கேட்காமலே எழுதினான்.

கடைசியில் கார்ட்.
பழசு, முப்பத்தெட்டாயிரம்.
யாருக்காகவோ இரண்டு வருசம்
இரவுபகலாய் இல்லாத நாணயம் தோண்டியது.
காத்தாடி இரண்டில் ஒன்று முனகுமாம்.
கையில் வாங்கினேன்,
அரைக்கிலோ பாரையின் பாரம்.
செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல்
காத்தாடிக்குள் பார்த்தேன்.
சிவப்பா இல்லையா என்று சொல்ல
அங்கே ஒன்றும் இல்லை.
"போடுங்க" என்றேன்.

மிச்சம் முந்நூற்றைம்பது.
ஆட்டோக்காரர் நானூறு கேட்டார்.
பெட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
ஐம்பதைப் பிறகு தாங்கோ என்றார்.
கல்லடிப் பாலம் வரை கொண்டுபோவார் போல
ஒரு உற்சாகம் அவருக்கு.
வீடு அதற்கு முன்னமே வந்துவிட்டது.

இரவு பதினொன்றரை.
மலையடிவாரத்தில் ஒரு துறைமுகம்,
குதிரை ஒன்று எனக்காக நின்றது.
வினாடிக்குப் பத்தொன்பது படம்.
குதிரை தலையைத் திருப்பியது
தவணை முறையில்.

அமைப்புகளுக்குப் போனேன்.
புல்லைக் குறைத்தேன்.
தூரத்து மரங்களை எடுத்தேன்.
சனத்தைக் குறைத்தேன்,
மீன் விற்றவளும் கூடையும் காணாமல் போனார்கள்.
மழையை நிறுத்தினேன்.
நிழல்களை அணைத்தேன்,
ஒவ்வொன்றாக, மனமில்லாமல்.
குதிரை இப்போது தரையைத் தொடாமல்
ஒரு விரற்கடை மேலே நின்றது.
இருபத்தொன்பது.

கடல் மட்டும் மிச்சம்.
உயர்வு, நடுத்தரம், குறைவு.
அலையின் முதுகில் நிலா உடைவது
உயர்வில்தான் தெரியும்.
மவுஸில் விரலை வைத்தபடி இருந்தேன்.
திறந்த யன்னலுக்கு அப்பால்
மற்றது இரைந்துகொண்டிருந்தது,
யாரும் குறைக்காமல்.

குறைவு என்றேன்.
நாற்பத்தொன்று.

காத்தாடி முனகத் தொடங்கியது.
யன்னலை நாளைக்குச் சாத்தலாம்.
குதிரையில் ஏறினேன்.