இரண்டு கிரெடிட்

எட்டு வாரம், மாதம் ஆறாயிரம்,
தேர்வுத்துறைக்குப் பின்னால் ஓர் அறை.
ஆடும் மேசையின் ஒரு காலுக்கு அடியில்
பழைய விடைத்தாளை மடித்து வைத்திருந்தார்கள்.
யார் எழுதியதென்று குனிந்து பார்த்தேன்.
'மேற்கூறிய காரணங்களால்' என்பது மட்டும்
வெளியே தெரிந்தது.

"முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம்.
ஐந்து அலகு, முப்பது மணி, இரண்டு கிரெடிட்.
நீ போன வருஷம்தானே முடிச்ச,
உனக்குத்தான் தெரியும்" என்றார் ஹெப்சிபா மேடம்.
எனக்குத் தெரியும் என்று
இந்த வளாகத்தில் யாரும் சொன்னதில்லை அதுவரை.
அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

மாதிரிப் படிவத்தில் வினைச்சொற்கள் தயாராக இருந்தன:
மாணவர் அறிவர், விளக்குவர், பகுத்தாய்வர், படைப்பர்.
எல்லாம் பலர்பால், எல்லாம் எதிர்காலம்.
நான் என் முதல் வாரத்தை எடுத்துப் பார்த்தேன்.
மாணவி தேடினாள்.
மாணவி தவறான வரிசையில் நின்றாள்.
மாணவி புள்ளியியல் வகுப்பில் நாற்பது நிமிடம்
பொருளாதாரம் என்று நம்பிக் குறிப்பெடுத்தாள்.

கருத்துக்கணிப்புத் தாளை நகலெடுத்து
வேம்படி வேம்படியாகக் கொடுத்து வாங்கினேன்.
'உங்கள் எதிர்பார்ப்பு என்ன?'
அறுபத்து மூன்று பேர் எழுதியிருந்தார்கள்:
'நன்றாக உள்ளது.'
கருமாத்தூர் பாண்டிமீனா மட்டும்
தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில், பென்சிலில்:
'கிரெடிட்டுன்னா கடனாக்கா? திருப்பிக் கட்டணுமா?'

சிரித்துவிட்டேன்.
வங்கியில் என் பெயரில் நிற்பது நினைவு வந்ததும்
சிரிப்பு பாதியில் நின்றது.

மறுநாள் காலை பல்கலை நகர் நிறுத்தத்தில்
நோட்டோடு உட்கார்ந்தேன்.
உசிலம்பட்டி வண்டி ஒன்பது நாற்பத்தேழு.
கை காட்டியும் நிற்காமல் போனவை இரண்டு.
மாட்டுத்தாவணியில் மாறி, பெரியாரில் மாறி
மேலூர்ப் பிள்ளைகள் வந்து இறங்கும்போது
பத்தைத் தொட்டிருந்தது.
முதல் வகுப்பு ஒன்பதரை.
நாகமலைப் பக்கமிருந்து ஒரு மயில் இறங்கி
வருகைப்பதிவு இல்லாத நடையில்
சாலையைக் கடந்தது.

அன்றிரவே எழுதினேன்.
அலகு ஒன்று: கிரெடிட் கடன் அல்ல.
அலகு இரண்டு: கட்டணக் கவுண்டரில்
ஜபருல்லா அண்ணன் சாப்பிடப் போகும் நேரம்,
அவர் கேட்காமலே கேட்கும் மூன்று நகல்கள்.
அலகு மூன்று: 'புரியல சார்'.
செய்முறை, ஆறு மணி நேரம்.
நான்குக்கும் ஐந்துக்கும் ஒன்றும் வரவில்லை,
விட்டுவிட்டேன்.
அடிக்குறிப்பு: முதல் வகுப்பு பத்து மணிக்கு.

பாடத்திட்டக் குழுவில் ஏழு பேர், எட்டு டீ.
"மேற்கோள் நூல்கள் எங்கேம்மா?"
"புரியலங்கிறதுக்கு ஆறு மணி நேரமா!"
"பஸ்ஸெல்லாம் சிலபஸ்ல வராது,
போக்குவரத்துக் கழகத்துல வரும்."
எல்லோரும் சிரித்தார்கள், கெட்டவர்கள் இல்லை,
ஒருவர் தன் பிஸ்கட்டை என் பக்கம் தள்ளினார்.
கையெழுத்தாகி வந்தபோது
ஒன்று 'உயர்கல்வி அமைப்பு: ஓர் அறிமுகம்' ஆகியிருந்தது.
இரண்டு இல்லை.
மூன்று, 'தகவல்தொடர்புத் திறன்கள்'.
ஆனால் அதன் ஓரத்தில், மணி என்ற கட்டத்தில்,
அந்த ஆறு அப்படியே இருந்தது.
பக்கத்தில் 'செய்முறை' என்று சின்னதாக.
ஹெப்சிபா மேடத்தின் கையெழுத்து எனக்குத் தெரியும்.
நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கடைசி நாள், உதவித்தொகைக்குக்
கவுண்டருக்குப் போனேன், ஒன்று இருபதுக்கு.
நானே எழுதிய அலகு இரண்டின்படி
அது போகக் கூடாத நேரம்.
கம்பிக்குப் பின்னால் காலி நாற்காலி,
அதன் முதுகில் ஈரத்துண்டு.
வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் திரும்பினாள்.
பாண்டிமீனா.
"இது சரியான வரிசைதானாக்கா?"

ஏழாம் எண் கம்பியா எட்டா,
இரண்டு மாதத்தில் எண்களை மாற்றியிருந்தார்கள்.
"தெரியல" என்றேன்.
அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள்,
பிறகு கம்பியில் முகம் வைத்து
உள்ளே யாரோ டிபன்பாக்ஸ் திறக்கும் சத்தத்தை நோக்கி
எனக்கும் சேர்த்துக்
குரல் கொடுத்தாள்.