இருபத்தேழாம் நம்பர் கல்

நல்லதண்ணி ஓடைக்குப்பத்தில்
இருபத்தேழாம் நம்பர் கல் மேல்
நண்டுகளைத் தவிர யாரும் ஏறியதில்லை.

லாரியில் வந்த மலை இது.
செங்கல்பட்டுப் பக்கம் எங்கோ வெடிவைத்து,
கடல் உள்ளே வராமலிருக்கக் கொட்டியது.
சிவப்பு பெயின்ட்டில் எண், பாதி அழிந்து.

முதல்நாள் கையில் கேரம் பவுடர் பூசிக்கொண்டேன்.
காய் வழுக்கிப் போவதற்கான பவுடர்.
நானும் போனேன்.
டெல்ஃபின் சிரித்த சிரிப்பில்
வரிசையில் நின்ற கன்டெய்னர் டிரைவர்கள்
தலை நீட்டிப் பார்த்தார்கள்.

இப்போது வெறுங்கை.
பாசிக்கு மேலே முதல் பாதம்.
இடக்கை, வெள்ளை வரி ஓடும் விளிம்பில்.
வலது கட்டைவிரல்
வெடிமருந்துக்குத் துளைத்த பாதிக் குழாயில்.
அளவெடுத்த மாதிரி.

கன்னம் கல்லில் ஒட்டும்போது
மாதுளை நிறத்தில் பொட்டுப் பொட்டாய்த் தெரியும்.
பூமிக்குள் இருபது கிலோமீட்டர் கீழே
இருட்டில் வெந்ததாம்.
சொல்வது டெல்ஃபின்,
நிலவியலில் இரண்டு அரியர் வைத்திருப்பவள்.

உச்சி. ஒன்பது அடி.
கிழக்கே கடல், மேற்கே டிரெய்லர்கள்.
"இறங்குடா, டீ ஆறுது."

கார்த்திகைப் புயல் கழிந்து போனேன்.
மணல் எல்லாவற்றையும் விழுங்கி
எண் மட்டும் வெளியே.
கட்டைவிரல் குழி
கணுக்கால் உயரத்தில், தண்ணீர் தேங்கி.

ஒரே எட்டில் மேலே நின்றேன்.
கொஞ்சம் வெட்கமாக இருந்தது.