என்டர் தட்டாத ஊர்கள்

புயல் போன ஒன்பதாம் நாள்
மஞ்சக்குப்பத்துக்கு மின்சாரம் வந்தது.
பத்தாம் நாள் கோப்புகள் வந்தன,
பென்டிரைவில் சில, வாட்ஸ்அப்பில் பல,
ஒன்று மட்டும் சிடியில், உறையில் இன்னும் ஈரத்தோடு.
ஆக நாற்பத்தேழு ஊர்கள்,
நாற்பத்தேழு நோட்பேட் கோப்புகள்.

"எல்லாத்தையும் ஒண்ணாக்கிக் குடும்மா,
ஆறு மணிக்கு மெட்ராஸ் போகணும்" என்றார்
சூப்பரின்டென்டென்ட் ஜெயசீலி மேடம்.
நான் தினக்கூலி ஆபரேட்டர்.
ஒவ்வொன்றாய்த் திறந்து காப்பி பேஸ்ட் செய்தால்
விடிந்துவிடும்.
மேக்ரோ எழுதினேன். பதினோரு வரி.

உள்ளே போ. முதல் கோப்பைத் திற.
இருப்பதை அள்ளு. பெரிய கோப்பில் கொட்டு.
மூடு. அடுத்தது இருந்தால் போ,
இல்லையென்றால் நில்.
துறைமுகத்தில் கூடை கூடையாய்க் கொட்டுவார்களே,
அதே வேலைதான், கவிச்சி மட்டும் இல்லை.
ஓடவிட்டு டீக்கு எழுந்தேன்,
நாற்காலி பின்னால் நகர்வதற்குள் முடிந்திருந்தது.

கடலோரத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள்
அகரவரிசையில் எங்கெங்கோ போய் விழுந்தன.
சுருக்குமடி வலைத் தகராறில் பேச்சை நிறுத்திய
சங்கிலிக்குப்பமும் சுண்ணாம்போடையும்
தோளோடு தோள் வந்து நின்றன.
தோளோடு என்றால் நிஜமாகவே:

தையல்நாயகி, கூரை முழுச்சேதம்மரியசூசை, கட்டுமரம் ஒன்று

இரண்டு பேர். ஒரே வரி.
பணம் வரிக்கு ஒன்றுதான் போகும்.

வரவேண்டியவர்கள் 2,318.
வந்தவர்கள் 2,273.
நாற்பத்தைந்து பேரை என் பதினோரு வரி
யார் யார் மடியிலோ உட்கார்த்தி வைத்திருக்கிறது.

தப்பு மேக்ரோவுடையதும் இல்லை.
கடைசிப் பெயரை அடித்து முடித்ததும்
ஒரு என்டர் தட்டியிருக்க வேண்டும்.
யாரும் தட்டவில்லை.
சார்ஜ் தீரப்போகும் லேப்டாப்பில்
கடைசி வீட்டை எழுதியவர்களுக்கு
அடுத்த வரியைப் பற்றி என்ன கவலை?
ஒரு கோப்பு முடிந்தால் ஒரு என்டர் என்று
பன்னிரண்டாவது வரியை நானே எழுதினேன்.
2,318. கச்சிதம்.

மேடத்துக்கு அனுப்பப் போனவளுக்கு
விரல் நின்றது.
நாற்பத்தேழு பேர் கைகோத்து நின்றால்
கோத்த இடம் நாற்பத்தாறு.
ஒட்டிக்கொண்டதோ நாற்பத்தைந்து.
அப்படியென்றால் ஒரே ஒரு வி.ஏ.ஓ.
ஒழுங்காய் என்டர் தட்டியிருக்கிறார்.
யாரந்த மகராசன் என்று
பாராட்டுவதற்காகத்தான் தேடினேன்.

கோரைத்திட்டு. பூஜ்யம் கேபி.
திறந்தால் வெள்ளை. முதல் வரியிலேயே
கர்சர் விட்டு விட்டுத் துடிக்கிறது.
கூட வந்த தாளில்: பாதிப்பு ஏதுமில்லை.

உப்பனாற்றுக்கு அந்தப் பக்கம் கோரைத்திட்டு.
போன் போட்டேன்.
"தோணி இன்னும் விடலம்மா" என்றார் வேதரத்தினம்,
"போனாத்தானே எழுதறதுக்கு."
பிறகு எப்படி ஏதுமில்லை என்று?
"தாளைக் காலியா அனுப்பக்கூடாதுன்னாங்க."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.
அவர் பக்கம் காற்று இரைந்தது.

மணி ஐந்து நாற்பது.
மேக்ரோவுக்குக் காலியும் ஒரு கோப்புதான்,
திறக்கும், அள்ளும், ஒன்றுமில்லாததைக் கொட்டும்,
மூடிவிட்டு அடுத்ததற்குப் போகும்.
அதன்மேல் என்ன கோபம்,
நில் என்று நான்தான் சொல்லவில்லை.

வெள்ளையில் அடித்தேன்:
கோரைத்திட்டு, இன்னும் யாரும் போய்ப் பார்க்கவில்லை
அடித்து என்டர் தட்டினேன்.
திரும்ப ஓடவிட்டேன்.

2,319.

தாளோடு ஒத்துப்பார்த்தால் ஒன்று அதிகம்.
மேடம் கேட்பார், இல்லை மெட்ராஸில் கேட்பார்கள்,
குறைந்தால் விட்டுவிடுவார்கள்,
கூடினால் யாராவது கட்டாயம் கேட்பார்கள்.
அனுப்பிவிட்டு
ஆறிப்போன டீயைக் குடித்தேன்.